அமெரிக்க விடுதலைப் போர்: அரசர் பக்கம் நின்ற குடியேறிகளின் நிலத்தைப் பறித்தது நியாயமா?

கரிசல்மண்

பெஞ்சமின் ஃபிராங்க்ளினை எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகன் வில்லியம் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இடிமழையில் பட்டம் விட்டார் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சோதனையில் அப்பாவோடு கூட இருந்தவர் இந்த வில்லியம்தான். 1763 முதல் நியூஜெர்சியின் ஆளுநர். பதவி அரசர் கொடுத்தது, பதவி ஏற்கும்போது செய்த சத்தியமும் அரசருக்கே. 1776-ல் அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மகன் சத்தியத்தை மீற மறுத்தார்.

அந்த ஜூன் மாதமே அவரைக் கைது செய்து கனெக்டிகட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் என்ற அவையின் உறுப்பினர், ஆனால் மகனுக்காகக் குறுக்கிடவில்லை. அடுத்த ஆண்டு மனைவி எலிசபெத் நியூயார்க்கில் சாகக் கிடந்தார். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டு, விடுதலைப் படையின் தளபதி வாஷிங்டனுக்கு வில்லியம் எழுதினார். வாஷிங்டன் இரங்கினார், முடிவைக் காங்கிரசிடம் விட்டார். காங்கிரஸ் மறுத்தது. கணவர் முகத்தைப் பார்க்காமலே அந்த அம்மாள் போய்ச்சேர்ந்தார்.

வில்லியமாவது பெரிய இடத்துப் பிள்ளை. 13 காலனிகளில் இருந்த வெள்ளையர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் அரசர் பக்கம் இருந்தார்கள் என்பது இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கும் கணக்கு. விவசாயிகள், தச்சர்கள், கடைக்காரர்கள், பாதிரிமார்கள். போர் முடிந்ததும் சுமார் 60,000 பேர் நாட்டை விட்டே போனார்கள். பலருடைய நிலத்தையும் வீட்டையும் மாநிலங்கள் பறித்து ஏலம் விட்டன. நேற்றுவரை எல்லோரும் ஏற்றிருந்த சட்டத்தை விடாமல் பிடித்திருந்ததற்கு இந்தத் தண்டனையா? இது அநியாயம் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

தென்றல்

அண்ணன் வில்லியம் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள். கனெக்டிகட்டில் அவரை முதலில் சிறையில் அடைக்கவில்லை. எதிராக எதுவும் செய்ய மாட்டேன் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு ஒரு வீட்டில் தங்க விட்டார்கள். அந்த வாக்குறுதியை மீறி, கலகத்தைக் கைவிடுவோருக்கான அரசரின் மன்னிப்புப் பத்திரங்களை அவர் ரகசியமாக விநியோகித்தார். அது வெளியே வந்த பிறகுதான் லிட்ச்ஃபீல்டில் தனிச்சிறை. அரசருக்குச் செய்த சத்தியம் புனிதம், எதிரிக்குக் கொடுத்த வாக்கு காற்றோடு போகட்டும் என்றால் என்ன நியாயம்?

1778-ல் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானதும் நியூயார்க்கில் அரசர் ஆதரவாளர்களின் குழுவுக்குத் தலைவரானார். அந்தக் குழுவின் ஆட்கள்தான் 1782 ஏப்ரலில் ஜோஷுவா ஹட்டி என்ற போராளி அணித் தலைவரைச் சிறையிலிருந்து கூட்டிப்போய் விசாரணை இல்லாமல் தூக்கில் போட்டார்கள். யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்து அரை வருடம் ஆன பிறகு! போரின் முடிவு தெரிந்த பின்னும் பழி தீர்த்தவர்களை 'பழைய சட்டத்தைப் பிடித்திருந்தவர்கள்' என்று மட்டும் சொன்னால் எப்படி?

இன்னொன்று. கதவை முதலில் மூடியது யார்? 1775 ஜூலையில் காங்கிரஸ் அரசருக்குச் சமாதான மனு அனுப்பியது. அவர் அதை வாங்கக்கூட இல்லை. ஆகஸ்டில் காலனிகள் கலகம் செய்கின்றன என்று பிரகடனம் போட்டார். அக்டோபரில் அவருடைய கடற்படை ஃபால்மத் ஊரைக் கொளுத்தியது. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் ஒரு ஊரையே தெருவில் நிறுத்திய அரசருக்கு என்ன விசுவாசம்?

கரிசல்மண்

ஹட்டி கொலையை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்கும் முன்னால் ஃபிலிப் வைட் என்ற அரசர் ஆதரவாளர், பிடிபட்டிருந்தபோதே கொல்லப்பட்டார். அதற்குப் பழியாகத்தான் ஹட்டி தூக்கிலிடப்பட்டார். நியூஜெர்சியில் இரண்டு பக்கமும் மாறி மாறி இதைச் செய்தார்கள்.

வன்முறை எங்கே தொடங்கியது என்று கேட்டால், 1765 ஆகஸ்டுக்குப் போங்கள். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டை ஒரு கும்பல் ஒரே இரவில் சூறையாடியது. சுவர்ப் பலகைகளைக்கூட விடவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த மாசசூசெட்ஸ் வரலாற்றின் கையெழுத்துப் பிரதி தெருச் சேற்றில் கிடந்தது. இத்தனைக்கும், பிரிட்டன் காலனிகள் மீது போட்ட முத்திரைத்தாள் வரி கூடாது என்று லண்டனுக்குச் சொன்னவர் அவர். பாஸ்டனில் பிறந்து வளர்ந்தவர், அந்த மண்ணின் வரலாற்றை எழுதியவர். வரி தவறு, ஆனால் சட்டத்தை மதிக்க வேண்டும் என்ற நடுவழியில் நின்றவருக்குக் கிடைத்தது இதுதான். 1774-ல் கப்பலேறியவர் திரும்பவே முடியாமல் 1780-ல் லண்டனில் இறந்தார்.

ஜார்ஜியாவில் தாமஸ் பிரவுன் என்று ஒருவர். யார்க்‌ஷயரிலிருந்து 1774-ல் வந்து நிலம் எடுத்தவர். 1775 ஆகஸ்டில் 'சுதந்திர மைந்தர்கள்' என்ற அரசர் எதிர்ப்பு அமைப்பினர் அவர் வீட்டுக்கு வந்து தங்களோடு சேரச் சொன்னார்கள். மறுத்தார். துப்பாக்கிக் கட்டையால் மண்டையை உடைத்து, மரத்தில் கட்டி, பாதங்களில் நெருப்பு வைத்தார்கள். கால்விரல்கள் போயின. அதுவரை அவர் யாரையும் தொட்டதில்லை.

தென்றல்

அதன் பிறகு அதே பிரவுன் குதிரைப்படை திரட்டி ஜார்ஜியா எல்லையை ஆண்டுக்கணக்கில் அலறவிட்டார். 1780-ல் அகஸ்டாவில் கைதிகளைத் தூக்கிலும் போட்டார். அவருக்கு நடந்தது கொடுமைதான், மறுக்கவில்லை. அவரால் சுட்டெரிக்கப்பட்ட பண்ணைக்காரர்களுக்கும் குடும்பம் இருந்தது.

நியூயார்க் துறைமுகத்து வாலபௌட் குடாவையும் நினைத்துப் பாருங்கள். பழைய போர்க்கப்பல்களில் அமெரிக்கக் கைதிகளை அடைத்து வைத்தார்கள். ஜெர்சி என்ற கப்பலின் பெயரைக் கேட்டாலே அந்தத் தலைமுறை நடுங்கும். பட்டினி, அம்மை, காய்ச்சல். அந்தக் கப்பல்களில் 11,000 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். போர்க்களத்தில் செத்த அமெரிக்க வீரர்களைவிட அதிகம். 1776 செப்டம்பர் முதல் 1783 நவம்பர் வரை நியூயார்க் பிரிட்டிஷ் கையில் இருந்தது. அந்த ஏழு வருடமும் அரசர் ஆதரவாளர்கள் அந்த நகரத்தில்தான் கடை நடத்தினார்கள், நாடகம் பார்த்தார்கள், தப்பியோடியவர்களின் வீட்டில் குடியிருந்தார்கள். கரையில் ஒதுங்கிய பிணங்களைப் பார்த்துக்கொண்டே. அவர்கள் நிலத்தைப் பறித்ததைப் பற்றி என்னால் அவ்வளவு வருத்தப்பட முடியவில்லை.

யாழினி

இரண்டு பேருமே எல்லோரும் உட்கார்ந்து யோசித்து, கொள்கையை எடைபோட்டு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது போலவே பேசுகிறீர்கள். பெரும்பாலோருக்கு அப்படி ஒரு வாய்ப்பே இல்லை.

ஹட்சன் பள்ளத்தாக்கில் லிவிங்ஸ்டன் குடும்பத்துக்குப் பெரிய பண்ணை. பண்ணையார் விடுதலைப் பக்கம். அதனாலேயே குத்தகை விவசாயிகளில் பலர் அரசர் பக்கம் சாய்ந்தார்கள். பண்ணையார் தோற்றால் உழுகிற நிலம் நமக்கு வரும் என்ற நம்பிக்கை. 1777-ல் கிளர்ச்சியே செய்தார்கள், அடக்கப்பட்டார்கள். வடகரோலினாவின் உள்நாட்டு விவசாயிகளும் அப்படித்தான். 1771-ல் அலமான்ஸில் அவர்களைச் சுட்டு ஒடுக்கியது அரசரின் ஆளுநர், ஆனால் அவரோடு நின்றவர்கள் கடற்கரைப் பெரிய மனிதர்கள். அதே பெரிய மனிதர்கள் நாலு வருடம் கழித்து சுதந்திரம் பேசிக்கொண்டு வந்தபோது, பல விவசாயிகள் நம்பவில்லை. நம் ஊரில் வரப்புத் தகராறு கட்சித் தகராறாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எதிர்வீட்டுக்காரன் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம்.

1780 அக்டோபர் 7, கிங்ஸ் மவுண்டன் போர். அரசர் தரப்பில் சுமார் 1,100 பேர், எதிர்த்தரப்பில் சுமார் 900 பேர். பிரிட்டனிலிருந்து வந்தவர் என்று சொல்ல அங்கே தளபதி ஃபெர்குசன் ஒருவர்தான். மற்ற எல்லோரும் அந்த மண்ணின் ஆட்கள், சிலர் உறவினர்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சரணடையக் கை தூக்கியவர்களையும் சுட்டார்கள். ஒரு வாரம் கழித்து கைதிகளில் ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள்.

நிலப் பறிப்பு என்று வந்தால் கிரேஸ் காலோவே பற்றி யாராவது பேச வேண்டும். கணவர் ஜோசஃப் காலோவே முதல் காங்கிரசில் இருந்தவர். 1774-ல் அரசரின் கீழேயே அமெரிக்காவுக்குத் தனி நாடாளுமன்றம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார், அது எடுபடவில்லை. பிறகு பிரிட்டிஷார் பக்கம் போனார். 1778-ல் பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைக் காலி செய்தபோது மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். கிரேஸ் தங்கினார், ஏனென்றால் சொத்தில் பெரும்பகுதி அவருடைய தகப்பனார் வழியில் வந்தது. இருந்து காப்பாற்றலாம் என்று நினைத்தார். அன்றைய சட்டத்தில் மனைவியின் நிலத்தை ஆளும் உரிமை கணவருக்கு. கணவர் துரோகி, அதனால் அவர் உயிரோடு இருக்கும்வரை நிலம் மாநிலத்துக்கு. அந்த ஆகஸ்டில் அவரை வீட்டை விட்டு வெளியேற்ற வந்த அதிகாரிகளில் ஒருவர் ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீல். கணவரையும் மகளையும் மறுபடி பார்க்காமலே 1782-ல் கிரேஸ் இறந்தார். அவர் யாருக்கு எதிராகவும் துப்பாக்கி தூக்கவில்லை. அவருடைய குற்றம் என்ன, தென்றல்?

தென்றல்

அந்த அம்மாள் விஷயத்தில் நடந்தது அநியாயம். அது திருமணச் சட்டத்தின் அநியாயம், பிரிட்டன் கொண்டுவந்து கொடுத்த சட்டம்.

வழக்குரைஞர் சேது

யாழினி அம்மா சொன்னதோடு ஒரு வழக்கைச் சேர்க்கிறேன். மாசசூசெட்ஸில் ஆனா மார்ட்டின் என்ற பெண் பிரிட்டிஷ் அதிகாரியான கணவரோடு நாட்டை விட்டுப் போனார். தகப்பனாரிடமிருந்து அவருக்கு வந்த நிலத்தை மாநிலம் பறித்தது. பின்னால் மகன் வழக்குப் போட்டு 1805-ல் ஜெயித்தார். நீதிமன்றம் சொன்ன காரணம்: கணவரோடு போவது மனைவியின் கடமை, அவருக்குத் தனியாக ஒரு அரசியல் முடிவு எடுக்கும் நிலையே இல்லை, அதனால் அவர் துரோகம் செய்திருக்க முடியாது. குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது. பெண்ணுக்குக் குடியுரிமை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியில் தீர்ப்பு பின்னோக்கிப் போனது.

கரிசல்மண் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். போரை முடித்த 1783 பாரிஸ் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கும்படி மாநிலங்களுக்குக் காங்கிரஸ் 'மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கும்' என்றது. கட்டளை இல்லை, பரிந்துரை. மாநிலங்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 6-ஆவது பிரிவு இனிமேல் பறிமுதல் கூடாது என்று தெளிவாகச் சொன்னது, அதையும் பல இடங்களில் மதிக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் 1783-க்குப் பிறகு நடந்த பறிமுதலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இதை அன்றே சொன்னவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன், வாஷிங்டனின் சொந்த உதவியாளராக இருந்தவர். எலிசபெத் ரட்ஜர்ஸ் என்ற விதவை 1776-ல் நியூயார்க்கை விட்டு ஓடினார். அவருடைய மதுவடிசாலையை பிரிட்டிஷ் ராணுவத்தின் அனுமதியோடு வியாபாரிகள் நடத்தினார்கள். 1783-ல் வந்த புதிய மாநிலச் சட்டத்தின்படி அந்த அம்மாள் வாடகைப் பாக்கி கேட்டு வழக்குப் போட்டார். ஹாமில்டன் யாருக்காக வாதாடினார் தெரியுமா? வியாபாரிகளுக்காக. மாநிலச் சட்டம் ஒப்பந்தத்துக்கு மேல் போக முடியாது என்று 1784-ல் வாதிட்டார். ஊரே அவரைத் திட்டியது. நீதிமன்றம் முழுதாக ஏற்காமல், ராணுவத் தளபதியின் அனுமதி இருந்த காலத்துக்கு மட்டும் வாடகை வேண்டாம் என்று நடுவில் வெட்டியது.

கடலூர்க்காரன்

ஒப்பந்தம் ஏன் அவ்வளவு வலுவில்லாமல் போனது என்பதற்கு எங்கள் ஊரிலேயே பதில் உண்டு. 1783 ஜூனில் கடலூர் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேனும் பிரிட்டிஷ் ஹ்யூஸும் மோதினார்களே, அது இந்தப் போரின் கடைசி மோதல்களில் ஒன்று. சமாதானச் செய்தி வந்து சேரும்வரை கடலூர்க் கோட்டை முற்றுகையில் இருந்தது. பிரான்ஸ், ஸ்பெயின், டச்சுக்காரர்கள், இங்கே ஹைதர் அலி, அப்புறம் திப்பு என்று பிரிட்டன் எல்லாப் பக்கமும் மாட்டியிருந்தது. களைத்துப்போன லண்டன் தன்னை நம்பிய குடியேறிகளை ஒரு பரிந்துரை வாக்கியத்தில் விட்டுவிட்டது.

பனைமரம்

இவ்வளவு நேரம் நிலம், நிலம் என்று பேசுகிறோம். 13 காலனிகளில் இருந்த சுமார் 25 லட்சம் பேரில் ஐந்து லட்சம் பேர் அடிமைகள். அவர்களே இன்னொருவருடைய சொத்து. அவர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் ஒரு பிரகடனம் போட்டார். கலகக்காரர்களின் அடிமைகள் தப்பி வந்து அரசருக்காக ஆயுதம் ஏந்தினால் விடுதலை. நூற்றுக்கணக்கானவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பெரும்பாலோரை அம்மை கொண்டுபோனது. 1779-ல் தளபதி கிளின்டன் இன்னும் விரிவாக அழைத்தார், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்கு அரசர் பக்கம்தான் விடுதலைப் பக்கம். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்தே ஹாரி என்ற அடிமை தப்பிப் போய்ச் சேர்ந்தார்.

1783 மே மாதம் வாஷிங்டன் பிரிட்டிஷ் தளபதி கார்ல்ட்டனைச் சந்தித்து, தப்பி வந்த அடிமைகளைத் திருப்பிக் கேட்டார். விடுதலை தருவதாகச் சொல்லிவிட்டோம், வாக்கை மீற முடியாது என்று கார்ல்ட்டன் மறுத்தார். 3,000 பேரின் பெயர், வயது, முன்னாள் எஜமானர் எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏற்றிக் கப்பலில் அனுப்பினார். ஹாரி வாஷிங்டன் பெயர் அதில் இருக்கிறது. தென்றல், இந்த 3,000 பேரும் தோற்ற பக்கம் நின்றவர்கள்தான். இவர்களையும் தண்டித்திருக்க வேண்டுமா?

தென்றல்

ஒருபோதும் இல்லை. ஆனால் அரசர் தரப்பை விடுதலைத் தரப்பாக்க வேண்டாம், பனைமரம். டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர். கலகக்காரர்களின் அடிமைகளுக்கு மட்டும்தான் விடுதலை, அரசர் ஆதரவாளர்களின் அடிமைகளுக்கு இல்லை. போர் முடிந்ததும் அந்த ஆதரவாளர்கள் சுமார் 15,000 அடிமைகளைத் தங்களோடு பஹாமாஸுக்கும் ஜமைக்காவுக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கமும் சுமார் 5,000 கறுப்பினத்தவர் வாஷிங்டன் படையில் போரிட்டார்கள். ரோட் ஐலண்ட் 1778-ல் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்து ஒரு படைப்பிரிவே திரட்டியது.

பனைமரம்

அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. அந்தக் கப்பல்களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் போய் இறங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? பாறை நிலம், அதுவும் தாமதமாக. 1784-ல் ஷெல்பர்ன் ஊரில் வேலை கிடைக்காத வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பினத்தவரின் வீடுகளை இடித்து விரட்டினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே அரசருக்காக வீட்டை இழந்து வந்தவர்கள்! 1792-ல் சுமார் 1,200 பேர் அங்கிருந்தும் கிளம்பி ஆப்பிரிக்காவில் சியரா லியோனுக்குப் போனார்கள். ஹாரியும் போனார். அந்தக் குடியேற்றத்தை நடத்திய பிரிட்டிஷ் கம்பெனியின் நிர்வாகம் நிலத்துக்கு வரி கேட்டது. 1800-ல் கிளர்ச்சி, அதில் ஹாரியும் ஒருவர், நாடு கடத்தப்பட்டார். அரசரை நம்பி வாஷிங்டனை விட்டு ஓடியவர், வரிக்காக அரசரின் ஆட்களை எதிர்த்தார். அவருடைய விசுவாசம் கடைசிவரை தன் விடுதலையிடம் மட்டும்தான் இருந்தது.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் இரோகுவா ஆறு இனக் கூட்டமைப்பு இதே போரில் இரண்டாகப் பிளந்தது. மோஹாக், செனெகா மக்கள் பெரும்பாலும் அரசரோடு, ஒனைடா மக்கள் குடியேறிகளோடு. 1777 ஆகஸ்டில் ஒரிஸ்கனியில் ஒருவரையொருவர் கொன்றார்கள். 1779-ல் வாஷிங்டன் அனுப்பிய சல்லிவன் படை 40-க்கு மேற்பட்ட ஊர்களையும் விளைந்து நின்ற சோளத்தையும் எரித்தது. பாரிஸ் ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜெயித்த பக்கம் நின்ற ஒனைடா மக்களின் நிலத்தையும் நியூயார்க் மாநிலம் அடுத்த சில ஆண்டுகளிலேயே வாங்கிச் சுருட்டியது. இங்கே நிலப் பறிப்புக்கு விசுவாசம் காரணமா, வெறும் சாக்கா?

கரிசல்மண்

பனைமரம் கேட்டதை நான் குடியேறிகளுக்கும் கேட்கிறேன். பென்சில்வேனியாவின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆயுதமே தொடாதவர்கள். சத்தியம் செய்வது அவர்கள் மதத்தில் கூடாது. 1777-ல் மாநிலத்துக்கு விசுவாசச் சத்தியம் செய்யாதவர்கள் ஓட்டுப் போட முடியாது, கடனை வசூலிக்க வழக்குப் போட முடியாது, நிலம் வாங்க விற்க முடியாது என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு சுமார் 20 பேரை, பெரும்பாலும் குவேக்கர்களை, விசாரணை இல்லாமல் வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடு கடத்தினார்கள். இருவர் அங்கேயே இறந்தார்கள். விசாரணை இல்லாமல் தண்டிக்கக் கூடாது என்பதற்காகத்தானே அரசரை எதிர்த்தார்கள்?

நாட்டை விட்டுப் போனவர்கள் மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு 24 பேர் என்றும், பிரெஞ்சுப் புரட்சியில் அது ஆயிரத்துக்கு 5 என்றும் ஒரு அமெரிக்க வரலாற்றாசிரியர் கணக்குப் போட்டிருக்கிறார். கில்லட்டின் இல்லை என்பதால் அமெரிக்கப் புரட்சியை மென்மையானது என்று நினைக்கிறோம்.

தென்றல்

அந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள் அண்ணன். ஐந்தில் ஒருவர் அல்லது ஆறில் ஒருவர் அரசர் பக்கம் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல். போனவர்கள் 60,000. மிச்சம் பேர்? அங்கேயே இருந்தார்கள், உழுதார்கள், ஓட்டும் போட்டார்கள். தென்கரோலினா 1784-லேயே பலரைப் பறிமுதல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சாமுவேல் சீபரி என்ற பாதிரியாரைப் பாருங்கள். காங்கிரசை எதிர்த்து 1774-ல் துண்டுப்பிரசுரம் எழுதினார், இளைஞர் ஹாமில்டன் அதற்குப் பதில் எழுதினார். சீபரி கைதானார், பிறகு அரசர் படையில் பாதிரியாராகவும் வேலை பார்த்தார். அவரே 1784-ல் கனெக்டிகட்டின் பிஷப் ஆனார், அமெரிக்க எபிஸ்கோபல் சபையின் முதல் பிஷப்! தோற்ற தரப்புக்கு இவ்வளவு இடம் கொடுத்த புரட்சி எத்தனை இருக்கிறது?

யாழினி

சீபரிக்குப் பதவி கொடுத்தது சபை, மாநிலம் கொடுக்கவில்லை. பிஷப் ஆக அவர் ஸ்காட்லாந்து வரை போய் வர வேண்டியிருந்தது. சாதாரண விவசாயிக்கு அந்த வழி ஏது? நியூயார்க்கில் ஏலம் போன நிலங்களில் ஒரு பகுதியைக் குத்தகைக்காரர்களே வாங்கினார்கள், அது நல்லதுதான். ஆனால் லிவிங்ஸ்டன் பண்ணை ஏலத்துக்கு வரவில்லை. பண்ணையார் ஜெயித்த பக்கம் இருந்தார், 1777-ல் கிளர்ச்சி செய்த குத்தகைக்காரர்கள் அதே பண்ணையில் குத்தகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வழக்குரைஞர் சேது

இழப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு ஆணையம் அமைத்தது. 3,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன, சுமார் 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். மனுப் போட ஆவணம் வேண்டும், சாட்சி வேண்டும், பலருக்கு லண்டன் வரை வரக் காசு வேண்டும். தப்பி வந்த கறுப்பினத்தவர் மிகச் சிலரே மனுப் போட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே இல்லை. உங்களுக்கு விடுதலை கிடைத்ததே, அது போதாதா என்பதுதான் ஆணையத்தின் மனநிலை.

கரிசல்மண்

தென்றல் தம்பி, ஆயுதம் எடுத்தவனைப் போர் நடக்கும்போது அடக்கியதை நான் எதிர்க்கவில்லை. 1783-ல் கையெழுத்தான பிறகும் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்ததற்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

தென்றல்

ஏழு வருடம் கழித்து நியூயார்க்குக்குத் திரும்பியவர்கள் தங்கள் வீடு பாதி எரிந்தும், மீதியில் யாரோ குடியிருந்தும் கண்டார்கள். கப்பலில் அடைபட்ட மகன் திரும்பவில்லை. அவர்கள் போட்ட ஓட்டில் வந்த சட்டமன்றம்தான் அந்தச் சட்டங்களை இயற்றியது. ஹாமில்டன் சொன்னது சரியான சட்டம். அந்த மக்களிடம் போய் அதை 1783-லேயே கேள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கரிசல்மண்

ஹாமில்டனுக்கு வாய் வந்ததே. அவரும் அதே போரில் சண்டை போட்டவர்தான்.